ஆண்டு மடலில் ஒரு திருத்தம்

ஞானசம்பந்தன் சாரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தான் எழுதிய நல்ல வாக்கியத்தை அவரால் அடிக்க முடியாது. வெற்றிலை கிடையாது, பொடி கிடையாது, சீட்டுக் கட்டைத் தொட்டதே கிடையாது. மனிதருக்கு இருந்த ஒரே போதை அதுதான். அந்தப் போதையில்தான் பதினேழு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியின் படிப்பைக் கெடுக்கப் பார்த்தார். வேண்டுமென்று செய்தாரா என்றால் இல்லை. அவள்மேல் வைத்த பிரியத்தால் செய்தார். அதனால் பாவம் குறைந்துவிடுமா என்ன?

அம்பாசமுத்திரத்துக்கு வெளியே, ஆற்றுக்குப் போகிற சாலையில் இருக்கிறது அந்தப் பள்ளி. பெயர்ப்பலகையில் நீளமாக ஒரு பெயர் இருந்தாலும் ஊருக்கு அது மாதா பள்ளிக்கூடம்தான். கன்னியாஸ்திரிகள் நடத்துவது. சார் அங்கே இருபத்தாறு வருஷமாகத் தமிழ் ஆசிரியர். பழைய சைவக் குடும்பத்துக்காரர். காலையில் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு மாதா சுரூபத்தைத் தாண்டித்தான் உள்ளே நுழைவார். ஒரு சிஸ்டரும் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வசனம் எழுதுவதும் அவர்தான். "மூணு ராஜாக்களும் நம்ம திருநெல்வேலித் தமிழ்தான் பேசுதாங்க" என்று சிஸ்டர்கள் சிரிப்பார்கள்.

பாடம் நடத்துவது போக அவருக்கு இரண்டு வேலைகள். ஒன்று, ஆண்டு மடல். மே மாதக் கடைசியில் பன்னிரண்டு பக்கம் அச்சாகி அறுநூறு வீடுகளுக்குப் போகும். கபடியில் யார் ஜெயித்தார்கள், எந்த டீச்சர் ஓய்வு பெற்றார், புதுக் கழிப்பறைக் கட்டடத்தை யார் திறந்தார்கள், பிளஸ் டூவில் யார் எத்தனை மதிப்பெண் என்று ஒரு வருஷத்துச் செய்தி அத்தனையும் அதில் இருக்கும். ஊர்ச் சர்ச்சான பங்குக் கோயில் செய்திக்கென்று தனியாக இரண்டு பக்கம். அந்த வருஷம் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய பிள்ளைகள், பிஷப் கையால் உறுதிப்பூசுதல் பெற்றவர்கள், திருமணம், இறப்பு. இந்த மடலில் பொய்யாக ஒரு எழுத்து வந்ததில்லை என்பதில் சாருக்குப் பெரிய கர்வம். விளையாட்டு விழாவுக்கு வந்த கூட்டம் நானூறு என்றால் நானூறுதான் போடுவார். ஆயிரம் என்று போடச் சொன்ன தாளாளரிடமே ஒருமுறை மல்லுக்கு நின்றார்.

இரண்டாவது வேலை, மேற்படிப்பு வழிகாட்டுதல். அதற்குச் சம்பளம் கிடையாது, ஆணையும் கிடையாது. ஒரு சனிக்கிழமை நாலு பிள்ளைகள் வந்து "அடுத்து என்ன சார் படிக்க?" என்று கேட்டார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது. எந்தப் படிப்புக்கு எந்த இணையதளம், எப்போது கடைசி நாள், எந்தப் பிரிவுக்குப் போன வருஷம் எத்தனை கட்-ஆஃப் என்று பெரிய அட்டையில் எழுதித் தாழ்வாரத்தில் தொங்கவிடுவார். எல்லாரும் நர்சிங் என்றால் இவர் மீன்வளம் என்பார். எல்லாரும் கம்ப்யூட்டர் என்றால் இவர் வேளாண்மை என்பார். அவர் சொல்லிக் கேட்டு உருப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கேட்டுவிட்டுத் திட்டியவர்களும் இருக்கிறார்கள்.

இந்த இரண்டு வேலையும் செய்கிற ஆளுக்கு மூன்றாவதாக ஒரு வேலை தானாக வந்து சேர்ந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்தப் பள்ளியில் முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு பெயர். கோயில் பதிவேட்டில் ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் இன்னொரு பெயர். வீட்டில் செபமாலை சொல்வார்கள், சான்றிதழில் இந்து, பட்டியல் சாதி என்றிருக்கும். காரணம் ஊர் அறிந்ததுதான். பட்டியல் சாதிக்காரர் கிறிஸ்தவர் ஆகிவிட்டால் சட்டப்படி அந்தப் பட்டியலில் அவருக்கு இடமில்லை. பிற்படுத்தப்பட்டோர் வரிசைக்குப் போய் நிற்க வேண்டும். வரிசை மாறினால் கட்-ஆஃப் மாறும், உதவித்தொகை போகும், வேலையும் கைவிட்டுப் போகும். சரி, தலையில் தண்ணீர் ஊற்றிய அன்றைக்கே ஊர் அவர்களை ஒரு படி ஏற்றி உட்கார வைத்துவிட்டதா? வைத்தால் அல்லவா! வயல்காரன் கூப்பிடுகிற தோரணை மாறவில்லை. கோயிலுக்குள்ளேயே அவர்களுக்கென்று தனி வரிசையும், கல்லறைத் தோட்டத்தில் தனி மூலையும் இருந்த காலம் உண்டு. சட்டத்துக்கு இதெல்லாம் தெரியாது. சட்டம் ஒரு பெயரைத்தான் கேட்கும்.

ஆகவே சார் ஒரு முறை வைத்திருந்தார். பள்ளிச் செய்தியில் சான்றிதழ்ப் பெயர், கோயில் செய்தியில் கோயில் பெயர். இரண்டும் ஒரே பக்கத்தில் வராது. படமும் சேர்ந்து வராது. பதினெட்டு மடல்களாக இந்த முறை தப்பியதே இல்லை. யாரும் அவருக்கு நன்றி சொன்னதும் இல்லை. நன்றி சொல்வதற்கு அது என்னவென்று வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே!

பேச்சியம்மாள் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி. அப்பா குமரவேல் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். அம்மா அன்னத்தாய் நாலு ஆடும் ஒரு எருமையும் வைத்துப் பிழைக்கிறவள். கோயில் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் சகாய ஜெனிட்டா. அவள் ஆறாம் வகுப்பில் இருக்கும்போது வீட்டு ஆடு ஒன்று குட்டி போட முடியாமல் கிடந்து, டாக்டர் வருவதற்குள் செத்துப்போயிற்று. அன்றைக்கு முடிவு பண்ணியவள். நடுவில் எத்தனை பேர் எத்தனையோ சொன்னார்கள். "மாட்டு டாக்டரா? பொம்பளப் பிள்ளைக்கு அது சரிப்படாது" என்றார்கள். அவள் அசையவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் அறுநூறுக்கு ஐந்நூற்று எழுபத்தொன்று எடுத்தாள். பள்ளியிலேயே முதல். சார் தாழ்வாரத்து அட்டை முன்னால் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தார். கட்-ஆஃப் நூற்றுத் தொண்ணூற்றொன்றரை. அவளுடைய பிரிவில் கால்நடை மருத்துவ இடம் உறுதி. பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் நின்றால் நாலு மதிப்பெண் குறைகிறது.

"ஏட்டி பேச்சி, உனக்கு சீட்டு கெடச்ச மாதிரித்தான். போயி வீட்ல சொல்லு" என்றார். அவள் உடனே போகவில்லை. அட்டையில் அந்த எண்ணைத் தானும் ஒருமுறை விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஓடினாள்.

அந்தச் சந்தோஷத்தில் மடலுக்கு ஏழாம் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி எழுத உட்கார்ந்தார் சார். தலைப்பு, 'நம் பள்ளியின் முதல் கால்நடை மருத்துவர்'. ஆலை மூட்டை, ஆடு, மண்ணெண்ணெய் விளக்கே மறந்துபோன இந்தக் காலத்திலும் மின்சாரம் இல்லாத வீடு என்று எழுதிக்கொண்டே போனார். எழுதும்போது பள்ளித் திருவிழாப் பூசை ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு அவர் தாழ்வாரத்தில் நின்றபடி கேட்டார். பேச்சியம்மாள் பைபிள் வாசகம் வாசித்தாள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லைப் பையத் தொட வேண்டும் என்று அவர் வகுப்பில் சொல்லிக் கொடுத்தது அத்தனையும் அந்தக் குரலில் இருந்தது. பின்வரிசையில் அழுதுகொண்டிருந்த ஒரு கைக்குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தியது. அதைக் கண்ணால் பார்த்தவர் அவர். வாக்கியம் தானாக வந்து விழுந்தது.

'ஞாயிறுதோறும் ஆலயத்தில் இவள் வாசகம் வாசிக்கையில் கைக்குழந்தையும் அழுகையை நிறுத்திக் காது கொடுக்கும். சென்ற ஆண்டு ஆயரின் கரத்தால் உறுதிப்பூசுதல் பெற்ற இந்தச் சகாய ஜெனிட்டாவைத்தான் நாம் வகுப்பறையில் பேச்சியம்மாள் என்று அழைக்கிறோம்.'

எழுதிவிட்டு நாலு தடவை வாய்விட்டுப் படித்தார். அப்போதாவது மண்டையில் உறைத்திருக்கலாம். உறைக்கவில்லை. பதினெட்டு வருஷம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த மனிதர், தன் வாக்கியத்தின் அழகைப் பார்த்து மயங்கி நின்றார்.

வண்ணார்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கிற அலி அஸ்கர் அண்ணாச்சிதான் எப்போதும் மடலை அச்சடித்துத் தருபவர். திரையில் ஏழாம் பக்கத்தைக் காட்டினார். "சார், பெட்டிக்கு வெளிய ரெண்டு வரி நிக்கி. ஏதாவது கொறைங்க" என்றார்.

"எதக் கொறைக்கணுங்கிய?"

"இந்தாருக்குல்லா, கோயில் சமாச்சாரம். இது தனிப்பக்கத்துல வாரதுதான? இத எடுத்தா சரியா உக்காந்துக்கிடும்."

கடவுளே வந்து கையைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரு வாய்ப்பு. சார் முகம் கறுத்துவிட்டது. "அண்ணாச்சி, அந்த வரிதான் அதுக்கு உசுரே. கீழ ரத்ததான முகாம் செய்தி இருக்கு பாருங்க, அதுல ரெண்டு வரி வெட்டுங்க" என்றார். அண்ணாச்சி தோளைக் குலுக்கிவிட்டு ரத்ததானத்தை வெட்டினார்.

மடல் வந்தது. அறுநூறு வீட்டுக்கும் போனது. இந்தக் காலத்து வழக்கப்படி வாட்ஸப்பிலும் போனது. பாராட்டு குவிந்தது. அன்னத்தாய் அந்தப் பெட்டியை மட்டும் கத்தரித்து மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாள் என்று யாரோ வந்து சொன்னார்கள். சாருக்குத் தூக்கமே வரவில்லை. எல்லாம் சந்தோஷத்தில்தான்.

ஜூலையில் தரவரிசைப் பட்டியல் வந்தது. பேச்சியம்மாளுக்கு நல்ல இடம். சான்றிதழ் சரிபார்ப்புக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஒரு நாள் காலை, சார் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். வாசலில் குமரவேல் நின்றார். ஆலைக்குப் போகிற கோலம், தலையில் துண்டு. வழக்கமாகக் கும்பிடுகிற மனிதர் அன்றைக்குக் கும்பிடவில்லை. மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார்.

தாலுகா அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். மாணவி பேச்சியம்மாள் கிறிஸ்தவ மதத்தைப் பின்பற்றுபவர் என்றும், பட்டியல் சாதிச் சான்றிதழ் வைத்திருப்பது முறையல்ல என்றும் புகார் வந்திருக்கிறது. ஆதாரமாக ஒரு பள்ளி மடலின் ஏழாம் பக்கம் இணைக்கப்பட்டுள்ளது. திங்கட்கிழமை விசாரணைக்கு வர வேண்டும். புகார் கொடுத்தது யார் என்று அதில் இல்லை. கடைசிவரை அது தெரியவும் இல்லை.

சார் படித்தார். மறுபடியும் படித்தார்.

"வாசிச்சியளா சார்?" என்றார் குமரவேல். குரல் உயரவில்லை. "நாங்களா உங்ககிட்ட கேட்டோம்? எம்பிள்ளையப் பத்தி எழுதுங்கன்னு எவன் கேட்டான்? இத்தன வருசமா எங்களுக்கு என்ன பயம்னு உங்களுக்குத் தெரியாதா? ஊர்ல எவனுக்குத் தெரியாட்டாலும் உங்களுக்குத் தெரியும்லா!"

"தெரியும் குமரவேல். தப்புப் பண்ணிட்டேன்."

"உங்களுக்கு ஒத்தப் பேரு போதும் சார். அத வச்சே எல்லாக் கதவும் தொறந்துக்கிடும். எங்களுக்கு ரெண்டு பேரு இருந்தும் பத்த மாட்டேங்குது." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அவ ரெண்டு நாளாச் சாப்பிடல. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றபடி இறங்கிப் போனார்.

சாருக்கு அழுகை வந்தது. அழவும் வெட்கமாக இருந்தது. பிழை திருத்திப் பிழை திருத்தி முடி நரைத்த மனிதர், இப்படி ஒரு பிழையைத் தானே கோத்து வைத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அன்றைக்குத் தலைமையாசிரியை சிஸ்டர் சுகிர்தாவின் அறையில் போய் நின்றார். சிஸ்டருக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. மடலின் ஆசிரியர் என்ற முறையில் ஞானசம்பந்தனும் விசாரணைக்கு வர வேண்டும்.

"என்ன சொல்லப் போறீங்க சார்?" என்றார் சிஸ்டர்.

"நான் எழுதுனது பொய்யின்னு சொல்லப்போறேன்."

சிஸ்டர் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பிடித்தபடி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிலைமையும் லேசானதில்லை. பொய் சொல்லுங்கள் என்று ஒரு கன்னியாஸ்திரி எப்படிச் சொல்வார்? உண்மையைச் சொல்லுங்கள் என்றுதான் எந்த வாயால் சொல்வார்? "நான் உங்ககிட்ட எதுவும் கேக்கல சார். நீங்களும் எங்கிட்ட எதுவும் சொல்லல" என்றார் கடைசியில். அது போதும் என்று சார் வெளியே வந்தார்.

திங்கட்கிழமை தாலுகா அலுவலகத்தில் நல்ல கூட்டம். மலைப்பக்கம் சாரல் பெய்து, வருகிறவர்கள் எல்லாரும் நனைந்த குடையோடு வந்தார்கள். தாசில்தார் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள். வெளி மாவட்டத்துக்காரர். மேசைமேல் ஏழாம் பக்கம் கிடந்தது. சாருடைய வாக்கியத்தின் கீழே யாரோ சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள்.

எதிரே குமரவேல் நின்றார், அன்னத்தாய் நின்றாள், நடுவில் பேச்சியம்மாள். நெற்றியில் இத்தனை பெரிய பொட்டு. அவள் பொட்டு வைத்து சார் பார்த்ததே இல்லை.

"படிக்கிற பிள்ளைதானே, நீயே சொல்லு" என்றார் தாசில்தார். "சர்ச்சுல வாசகம் வாசிக்கிறதா போட்டிருக்கு. சகாய ஜெனிட்டாங்கிறது உன் பேரா?"

பேச்சியம்மாள் தலையை நிமிர்த்தினாள். வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று சாருக்குத் தெரியாது. ஆமாம் என்றால் படிப்பு போயிற்று. இல்லை என்றால், அந்தப் பொய்யை இந்த வயதில் அவள் சொல்லும்படி செய்தவர் இவர்தான். அவளுக்கு முன்னால் இவர் முந்திக்கொண்டார்.

"அம்மா, அது நான் எழுதுனது. நானாக் கற்பனையாச் சேத்து எழுதுனது. பிள்ளைக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாது."

"கற்பனையா? செய்தி மடல்ல கற்பனை எழுதுவீங்களா?"

"எழுதிட்டேன். அழகா இருக்கட்டும்னு எழுதிட்டேன்."

"ஆயர் கையால உறுதிப்பூசுதல்னு இருக்கே. அதுவும் அழகுக்குத்தானா?"

"ஆமாம்மா."

தாசில்தார் அவருடைய நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். பிறகு பேச்சியம்மாளின் பொட்டைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு யாரும் இங்க வராதீங்க" என்றார். குரலில் கோபம் பாதி, அலுப்பு பாதி. "கோயில் பதிவேட்டைக் கேட்டு நான் எழுதலாம். அது வந்து சேர்றதுக்குள்ள இந்தப் பிள்ளையோட சரிபார்ப்பு முடிஞ்சிடும், சீட்டும் போயிடும். அப்புறம் உண்மையா இருந்தா என்ன, பொய்யா இருந்தா என்ன?" ஒரு வெள்ளைத்தாளைச் சார் பக்கம் தள்ளினார். "எழுதிக் கொடுங்க. ஆனா அது மட்டும் பத்தாது. அறுநூறு வீட்டுக்குப் போன செய்தி. அதே அறுநூறு வீட்டுக்கும் மறுப்புப் போகணும். இந்தப் பொண்ணு கிறிஸ்தவர் இல்லன்னு தெளிவா இருக்கணும். அச்சடிச்சு எனக்கு ஒரு பிரதி. கோப்புல வச்சு முடிச்சிடறேன்."

சார் எழுதினார். 'மேற்படி வாக்கியம் உண்மைக்குப் புறம்பானது, என் கற்பனை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நானூறை ஆயிரம் ஆக்க மாட்டேன் என்று சண்டை பிடித்த கை அது.

மறுப்பை எழுதுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை முழுக்க உட்கார்ந்து பதினோரு தடவை எழுதினார். கடைசியில் மூன்று வரி நின்றது. புதன்கிழமை மாலை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் பின்னாலிருக்கிற தெருவுக்குப் போனார். இந்தத் தடவை அந்த வீட்டார் கண்ணில் படாமல் ஒரு எழுத்தும் அச்சுக்குப் போகாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இந்தப் புத்தி இரண்டு மாசத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

பேச்சியம்மாள் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வந்து தாளை வாங்கிப் படித்தாள்.

'சென்ற மடலின் ஏழாம் பக்கத்தில் மாணவி கு. பேச்சியம்மாளைப் பற்றி வெளிவந்த குறிப்பில் ஆலயம் பற்றிய வாக்கியம் ஆசிரியரின் கற்பனையாகும். அம்மாணவிக்கும் திருச்சபைக்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. பிழைக்கு ஆசிரியர் வருந்துகிறார்.'

"சரியா இருக்கா?" என்றார் சார். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எருமையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ரெண்டாவது வரிய மாத்துங்க சார்."

"எப்படி மாத்தணும்?"

"'எந்தத் தொடர்பும் இருந்ததில்லை'ன்னு வேண்டாம். 'அம்மாணவி ஆலயத்துக்குச் செல்வதில்லை, கிறிஸ்தவரும் இல்லை'ன்னு போடுங்க."

"ஏட்டி, ரெண்டும் ஒண்ணுதான? தாசில்தாரம்மாவுக்கு ரெண்டும் சரிதான்."

"ஒண்ணு இல்ல சார்." அவள் குரல் கம்மியிருந்தது, ஆனால் தெளிவாகத்தான் பேசினாள். "இருந்ததில்லன்னு போட்டா அது பொய்யி. செல்வதில்லன்னு போட்டா, இது அச்சாகி வாரதுக்குள்ள நெசமாயிரும். நான் இனி போவ மாட்டேன் சார். பூசைக்கும் போவ மாட்டேன், வாசிக்கவும் மாட்டேன். நான் போனா எவனாவது படம் புடிச்சு அனுப்புவான். எப்படியும் போவ முடியாது. போவ முடியாதது ஒங்க மடலுக்காவது நெசமா இருக்கட்டும்."

சார் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

"மொத வரி, கற்பனைன்னு இருக்குல்லா, அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. அது ஒங்க பாடு" என்றாள். பிறகு தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள். "ஆனா சார், அந்த வரி நல்லா இருந்துச்சு. அந்தக் கொழந்த அழுகைய நிப்பாட்டுனத நானும் பாத்தேன். நீங்க பாத்தியன்னு எனக்குத் தெரியாது."

அவர் அங்கிருந்து எப்படி நடந்து வீட்டுக்கு வந்தார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. ஒரு வாக்கியம் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் பத்து நாள் தரையில் கால் பாவாத மனிதர், அன்றைக்கு அதே சொல்லைக் கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தார்.

வியாழக்கிழமை அலி அஸ்கர் அண்ணாச்சி ஒற்றைத் தாளாக மறுப்பை அச்சடித்தார். அவள் சொன்ன மாதிரியே இரண்டாவது வரி. வெள்ளிக்கிழமை பிள்ளைகள் கையில் வீட்டுக்கு வீடு போனது. ஒரு பிரதி தாலுகா அலுவலகம் போனது. அன்றைக்குச் சாயங்காலமே அங்கிருந்து தகவல் வந்தது. புகார் முடித்துவைக்கப்பட்டது, சான்றிதழ் செல்லும்.

சரிபார்ப்புக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் சார் அவர்கள் வீட்டுக்குப் போனார். வேறு நாளில் போயிருக்கலாம். ஆனால் செவ்வாய்க்கிழமை அவள் பஸ் ஏற வேண்டும், ஒரு தாள் குறைந்தாலும் காரியம் கெட்டுவிடும். குமரவேல் நாற்காலியை எடுத்துப் போட்டார். கும்பிட்டார். முகத்தில் கோபம் இல்லை. அது சாருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சுவரில் மாதா படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

பேச்சியம்மாள் தரையில் உட்கார்ந்து கோப்பை விரித்து வைத்துக்கொண்டாள். சார் ஒவ்வொன்றாக வாசித்தார். அவள் எடுத்துக் காட்டி, பட்டியலில் பேனாவால் குறித்தாள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். இருப்பிடச் சான்றிதழ். அன்னத்தாய் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கோயில் மணி அடித்தது. எட்டு மணிப் பூசைக்கு முதல் மணி. தெருவில் வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் போனார்கள். ஒருத்தி வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நடந்தாள். பேச்சியம்மாளின் பேனா நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அடுத்து என்ன சார்?" என்றாள்.

"சாதிச் சான்றிதழ்" என்றார் அவர்.

அவள் அதை எடுத்துக் குறித்துக்கொண்டாள். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அன்னத்தாயின் வலது கை தன்னையறியாமல் சிலுவை போட நெற்றிவரை போனது. அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு, நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிடப் போன கை மாதிரி அதை ஒதுக்கிவிட்டு, கீழே இறங்கியது.